சித்திரை ஒன்று, பெரிய வெள்ளி

அத்தியாயம் 11

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போன சரவணன், வெள்ளிக்கிழமை காலை ஏழாகியும் வீடு திரும்பவில்லை. செல்போனும் சுவிட்ச் ஆஃப்.

இரண்டு நாளாக பெங்களூர் பெங்களூராக இல்லை. ஊரே தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடிய பெரிய கன்னட நடிகர் புதன்கிழமை கண்ணை மூடினார். அதிலிருந்து கடை கிடையாது, பஸ் கிடையாது. அழுதவர்கள் லட்சம் பேர். அந்த அழுகைக்கு நடுவே கல்லைத் தூக்கியவர்களும் இருந்தார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவந்து அவரவர் வீட்டில் விடவேண்டும் என்று சரவணனுக்கு போன் வந்தது.

நோரா வேண்டாம் என்றாள்.

"பொண்ணுங்கல்லாம் நேத்துலேர்ந்து அங்கயே கெடக்குதுங்க நோரா. யாராவது போவணும் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் ஓட்டுவது ஓசூர் முதலாளியின் குவாலிஸ். முன்னாலும் பின்னாலும் தமிழ்நாட்டு நம்பர். ராத்திரி முழுக்க நோராவின் கண்ணுக்குள் அந்த நம்பர்தான் நின்றது. சின்ன எழுத்துதான். ஆனால் கல்லை வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு அது தூரத்திலிருந்தே தெரியும்.

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளில் எழுத்துக்கு இடம் போதவில்லை. தமிழ் வருடப் பிறப்பு, விய வருடம் ஆரம்பம். புனித வெள்ளி. டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அச்சடித்திருந்தார்கள்.

மர்பி டவுனில் அந்த இரண்டு அறை வீட்டில், மூன்றுக்கும் ஆள் இருந்தார்கள். மாமனார் கோவிந்தப்பாவுக்கு ஜெயந்தி. ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பௌத்தம் ஏற்று இருபது வருஷமாகிறது, தெருச் சங்கத்தின் தலைவர். மாமியார் லட்சுமம்மாவுக்கு வருஷப் பிறப்பு. புருஷன் எந்த மதத்துக்குப் போனாலும் மாரியம்மனை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டவள். நோராவுக்குப் பெரிய வெள்ளி. ரிஜிஸ்டர் ஆபீஸில் சரவணனைக் கல்யாணம் செய்துகொண்டு, சிலுவைச் சங்கிலியோடு இந்த வீட்டுக்குள் வந்து ஒன்பது மாதம்.

அதுவும் போதாதென்று சரவணன் பிறந்ததும் இதே தேதியில். அப்பா பீமராவ் என்று பேர் வைக்க நினைத்தார். அம்மா முருகனுக்கு நேர்ந்திருந்தாள். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அம்மா ஜெயித்தாள். அப்பா இன்றைக்கும் "பீமா" என்றுதான் கூப்பிடுவார்.

போன மாதம் இதை வைத்து வீட்டில் ஒரே சிரிப்பு. பாயசம் வைப்பதா, கஞ்சி வைப்பதா, பேண்டு வாத்தியம் வாசலில் அடிக்கும்போது மருமகள் எப்படி ஜெபம் பண்ணுவாள் என்று. நோராவோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாத லட்சுமம்மாகூட அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது பச்சடிக்கு வாங்கின மாங்காய் நறுக்காமல் கிடந்தது. முறத்தில் வேப்பம்பூ வாடிக்கொண்டிருந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை.

வெளியே குரல் உயர்ந்தது. நோரா ஜன்னலுக்குப் போனாள்.

தெருமுனையில் போலீஸ் வேன். நீலக் கொடி கட்டிய பந்தலுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். எதிரே கோவிந்தப்பா. சலவை செய்த வெள்ளைச் சட்டை, ஆனால் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மகனைத் தேடி விடிவதற்குள் இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தவர்.

"மெரவணிகெ பேடா கோவிந்தப்பா. ஊர்வலம் வேணாம். சொன்னா கேளுங்க."

"இருபத்தெட்டு வருஷமா நடக்குது சார்."

"இந்த வருஷம் வேற. எவன் எங்கேருந்து கல்லு போட்டாலும் உங்க பசங்க தலையிலதான் வந்து விழும். கேஸும் அவங்க மேலதான்."

பந்தலுக்குள்ளிருந்து யாரோ, "மாலை போட்டுட்டு நாங்க போய்க்கினே இருப்போம்" என்று கத்தினார்கள். இருபது முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். போலீஸ்காரர்கள் லத்தியைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நோராவின் செல்போன் அடித்தது.

பாய்ந்து எடுத்தாள்.

"நோராங்கறது நீயா கண்ணு?" ஒரு பொம்பளைக் குரல். வயசான குரல்.

"ஆமா, நீங்க?"

"அத்திபெலே செக்போஸ்ட் கிட்ட டிபன் கடை வச்சிருக்கேன். வள்ளியம்மா. உன் வூட்டுக்காரர் இங்கதான் இருக்கார். உசுரோட இருக்கார், பயப்படாத."

நோரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட குடுங்கம்மா."

"பேச மாட்டேங்கறார். நேத்து சாயங்காலம் வந்தவரு. பின்னாடி ஷெட்டுல குந்திக்கினே இருக்கார். ஒரு வாய் தண்ணி எறங்கல. இப்பத்தான் ஒரு சீட்டுல உன் பேரும் நம்பரும் எழுதிக் குடுத்தார். எங்கப்பாவுக்குச் சொல்லாதேன்னு அதுக்குக் கீழ எழுதியிருக்கார்."

"அடிகிடி பட்டிருக்காம்மா?"

அந்தப் பக்கம் ஒரு லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவருக்கு இல்ல கண்ணு" என்றாள் வள்ளியம்மா. "நீ கெளம்பி வா."

நோரா திரும்பினாள். லட்சுமம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உசுரோட...?"

"இருக்கார் அத்தே. அத்திபெலேல இருக்கார்."

லட்சுமம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். "நட. நானும் வரேன்."

கோவிந்தப்பாவிடம் சொல்லாமல் போக நோராவுக்கு மனசு வரவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து அவர் காதருகே, "மாமா, அவர் உயிரோட இருக்கார். அத்திபெலேலேர்ந்து போன் வந்துது. நானும் அத்தையும் போய்க் கூட்டிக்கினு வரோம்" என்றாள்.

கிழவரின் கை அவள் தோளைப் பிடித்தது. "நானும் வரேன்மா."

சொல்லிவிட்டுப் பந்தலைப் பார்த்தார். லத்திகளைப் பார்த்தார். அவர் இந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் ஐந்து நிமிஷத்தில் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரிந்தது, நோராவுக்கும் தெரிந்தது.

"போய்ட்டு வா. பாத்ததும் மொதல்ல எனக்கு போன் பண்ணச் சொல்லு அவன" என்றார்.

'அவருக்கு இல்ல கண்ணு' என்ற மூன்று வார்த்தையை நோரா யாரிடமும் சொல்லவில்லை. லட்சுமம்மாவோடு ஆட்டோவில் ஏறினாள்.

*

ஆட்டோக்காரன் முனியப்பன் வண்டியில் சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடி கட்டியிருந்தான். முன் கண்ணாடியில் இறந்துபோன நடிகரின் படம், அதற்கு ஒரு முழம் மல்லிகை.

"நம்ம பாதுகாப்புக்கு மட்டும் இல்லக்கா. எனக்கு நெஜமாவே அவர் படம்னா உசுரு" என்றான் லட்சுமம்மாவிடம். அவள் காதில் எதுவும் விழவில்லை.

ஓசூர் ரோடு காலியாகக் கிடந்தது. எரிந்த டயரின் கருப்பு வட்டங்கள், செங்கல் துண்டுகள், ஒரு செருப்பு. சாத்திய ஷட்டர்கள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன. பொம்மனஹள்ளி தாண்டி எட்டுப் பத்துப் பேர் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார்கள். முனியப்பன் நிறுத்தினான். வேறு வழியில்லை.

ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான். கண் சிவந்திருந்தது. அழுததாலா, குடித்ததாலா தெரியவில்லை. "எல்லிகெ?" என்றான். எங்கே?

"ஆஸ்பத்ரெகெ அண்ணா" என்றாள் நோரா. கன்டோன்மென்ட்டில் பிறந்தவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஏன் ஆஸ்பத்திரி என்று வாயில் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் லட்சுமம்மாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை பேசினாலும் போதும், வேலூர்ப் பக்கம் என்று தெரிந்துவிடும். அவள் பேசவில்லை. நோராவின் விரல்களை மட்டும் நொறுங்குகிற மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் படத்தையும் மல்லிகையையும் பார்த்தான். கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஹோகி" என்றான். போங்கள்.

ஒரு மைல் போன பிறகுதான் மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

*

வள்ளியம்மாவின் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் தார்ப்பாய் போட்டு மூடிய குவாலிஸ். அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் சரவணன். இருபத்தெட்டு வயது இன்றைக்குப் பிறந்திருந்தது. பார்க்க நாற்பது மாதிரி இருந்தான்.

லட்சுமம்மா ஓடிப்போய் அவன் தலையை, தோளை, கைகளைத் தடவிப் பார்த்தாள். "எங்கடா அடி? எங்கடா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

நோரா தார்ப்பாயை விலக்கினாள். முன் கண்ணாடி இல்லை. இடது ஹெட்லைட் உடைந்து, பம்பர் உள்ளே போயிருந்தது. பம்பரில் காய்ந்த கறை. அவள் தார்ப்பாயை விட்டுவிட்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லாரையும் எறக்கி வுட்டுட்டேன். கடைசியா சந்தாபுராவுல ஒருத்தர். திரும்பலாம்னு பாத்தா பின்னாடி கூட்டம் வந்துட்டுது. நம்பர் பாத்துட்டானுங்க. கல்லு கண்ணாடில வுழுந்துது. ஒண்ணும் தெரியல நோரா, எல்லாம் வெள்ளையா நொறுங்கிட்டுது. மிதிச்சேன். முன்னாடி ஒரு சைக்கிள்..."

"நீங்க..."

"சத்தம் கேட்டுது. தெரியும் எனக்கு. சைடு கண்ணாடில பின்னாடி பாத்தேன், ரோட்டுல கெடந்தாரு." நிறுத்தினான். "நிக்கல. நின்னா கொன்னுடுவானுங்கன்னு நிக்கல. அந்தாளு கூட்டத்துல இருந்தவரே இல்ல நோரா. சும்மா போய்க்கினு இருந்த மனுஷன். லுங்கி கட்டியிருந்தாரு."

முதலில் பேசியது லட்சுமம்மாதான். குரலைத் தாழ்த்தி, ரகசியம் மாதிரி.

"ஓசூர் இங்கேருந்து எட்டு கிலோமீட்டர் கூட இல்ல. வண்டிய இங்கயே போட்டுடு. பஸ் புடிச்சு வாணியம்பாடி போய்டு. எங்கண்ணன் வூட்ல ஒரு மாசம் இரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"அதுக்குத்தாம்மா இங்க வந்தேன். செக்போஸ்ட் வரைக்கும் போனேன். அந்தப் பக்கம் தமிழ் போர்டுகூடத் தெரிஞ்சுது. தாண்ட முடியல. ஏன்னு தெரியல. திரும்பி வந்து இங்க குந்திட்டேன்."

நோராவின் செல்போன் அடித்தது. மாமா.

"நோரா." கோவிந்தப்பாவின் குரல் தாழ்ந்திருந்தது. பின்னால் ஸ்பீக்கரில் ஜெயந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு போலீஸ்காரங்க வூட்டுக்கே வந்தாங்க. ஊர்வலத்துக்கு இல்ல. வண்டி நம்பர் எழுதிக்கினு வந்து பீமா எங்கன்னு கேட்டாங்க. என்னாம்மா ஆச்சு? மறைக்காத."

போனை நீட்டினாள். சரவணன் வாங்கிக் காதில் வைத்தான்.

"பா... ஒரு ஆள் மேல ஏத்திட்டேம்பா."

பாட்டு மட்டும் கேட்டது. கொட்டகையில் எல்லாருக்கும் கேட்டது.

"நின்னியா?" என்றார் கோவிந்தப்பா.

"இல்லப்பா."

அவர் வைத்தாரா, லைன் போனதா தெரியவில்லை. சரவணன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். நோராதான் மெல்ல எடுக்க வேண்டியிருந்தது.

"எந்த எடம்? சரியாச் சொல்லுங்க" என்றாள்.

"சந்தாபுரா தாண்டி, பெட்ரோல் பங்க் கிட்ட."

"போய்ப் பாக்கலாம்."

லட்சுமம்மா எழுந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. "எங்க போய்ப் பாக்கறது? அடிச்சே கொன்னுடுவாங்கடீ. எம்புள்ளயப் புடிச்சுக் குடுக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தியா நீ? உங்க கோயில்ல இன்னிக்கு ஒருத்தரத் தூக்கிச் சிலுவைல வைக்கணும், அதுக்கு எம்புள்ளதான் கெடச்சானா?"

நோராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா அத்தே? ஆனா அந்தாளு இருக்காரா போய்ட்டாரான்னு தெரியாம நாளைக்கு இவருக்கு நான் சோறு போட முடியாது. இவரும் திங்க மாட்டார். நேத்துலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல, பாத்தீங்க இல்ல?"

பதில் சொல்வதற்குள் சரவணன் எழுந்துவிட்டான். வள்ளியம்மா நீட்டின சொம்பை வாங்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான்.

"வேணாண்டா" என்றாள் லட்சுமம்மா. குரல் உடைந்துவிட்டது.

"நீ இங்கயே இரும்மா."

அவள் இருக்கவில்லை. வண்டி நகரும்போது ஓடிவந்து பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

*

ஆட்டோவில் பின்னாலேயே வந்த முனியப்பன் பெட்ரோல் பங்கில் இறங்கி விசாரித்தான். நேற்று ஒரு சைக்கிள்காரர் அடிபட்டார், பால் வண்டிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள் என்று சொன்னார்கள். உயிர் இருக்கிறதா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள்.

நர்சிங் ஹோமின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் இரண்டு ஆண்கள் குந்தியிருந்தார்கள். உள்ளே பெஞ்சில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு துணிப் பை. அதில் ஒரு ஜோடி செருப்பு, ரத்தம் பட்ட சட்டை.

நோரா ஒரு கிளினிக்கில் பில் போடும் வேலை பார்ப்பவள். நர்ஸிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும் போல. ஸ்கேன் இங்க இல்ல" என்றாள் நர்ஸ். ராத்திரியெல்லாம் விழித்த முகம். "சிட்டிக்குக் கொண்டுபோங்கன்னு டாக்டர் காலைல எழுதிக் குடுத்துட்டார். ஆம்புலன்சுக்கு மூணு மணி நேரமா போன் பண்றேன் மேடம். நேத்து வரைக்கும் கலாட்டா. இன்னிக்கு ஜெயந்தி, குட் ஃப்ரைடே, எல்லா லீவும் ஒரே நாள்ல வந்து விழுந்துது. ஒருத்தன் டிரைவர் இல்லேங்கறான், ஒருத்தன் எடுக்கவே மாட்டேங்கறான். இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குமான்னு..." பெஞ்சைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நோரா பெஞ்சில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் ராஜலக்ஷ்மி. கன்னடத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"நடிகரோட முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்னு சைக்கிள்ல கிளம்பினார்" என்றாள் ராஜலக்ஷ்மி. "பாதி வழியிலயே போலீஸ் திருப்பி அனுப்பிட்டாங்களாம். வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தார். யாரோ ஒரு வண்டிக்காரன். நாய் மேல ஏத்தின மாதிரி ஏத்திட்டு நிக்காம போயிட்டான்." அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "நீங்க யாரு?"

நோரா வாயைத் திறந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து சரவணன் உள்ளே வந்தான். கை கூப்பவில்லை, காலில் விழவில்லை. நிமிர்ந்து நிற்கவும் முடியவில்லை.

"நானே அம்மா" என்றான். "நன்ன காடி."

நான்தான் அம்மா. என் வண்டி.

வாசலில் இருந்த ஆண்களில் ஒருவன், ராஜலக்ஷ்மியின் தம்பி, எழுந்து உள்ளே பாய்ந்தான். சரவணனின் சட்டையைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் மோதி, ஓங்கி ஓர் அறை. சரவணன் கையைத் தூக்கவே இல்லை. இரண்டாவது அறை. வெளியே தெருவில் யாரோ "ஏனு, ஏனு?" என்று விசாரித்தபடி ஓடிவரும் சத்தம். 'முடிந்தது, இனி பத்துப் பேர், இருபது பேர்' என்று நோராவின் மண்டைக்குள் ஓடியது. லட்சுமம்மா, "ஐயோ, எம்புள்ள" என்று நடுவில் விழுந்தாள். தமிழில் கத்தினாள். அதைப் பற்றி இப்போது அவளுக்குக் கவலையில்லை.

"நில்லு."

ராஜலக்ஷ்மி எழுந்திருந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. சரவணனையே பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று நோராவால் பிறகு சொல்ல முடியவில்லை.

"வண்டி எங்க?" என்று கேட்டாள்.

சரவணன் வெளியே கையைக் காட்டினான். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஓடுமா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, இவன் வண்டியிலயா?" என்றான் தம்பி.

"அவனை அப்புறம் அடி. இப்ப அவரைத் தூக்கு."

*

பின் சீட்டுகளை மடக்கினார்கள். லட்சுமம்மா, கேட்காமலே, நர்ஸின் கையிலிருந்த போர்வையை வாங்கிக் கீழே விரித்தாள். உடைந்த கண்ணாடித் துணுக்குகளைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தள்ளினாள். ராஜலக்ஷ்மியின் புருஷன் நஞ்சுண்டப்பாவை நான்கு பேர் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள். தலை முழுக்கக் கட்டு. கட்டுக்குக் கீழே சவரம் செய்யாத, சாதுவான ஒரு முகம். ராஜலக்ஷ்மி தலைமாட்டில் உட்கார்ந்தாள். நோரா சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே மண்டியிட்டாள். லட்சுமம்மாவுக்கு இடமில்லை. முனியப்பனின் ஆட்டோவில், ராஜலக்ஷ்மியின் தம்பிக்குப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள். அவனும் ஒதுங்கி இடம் விட்டான்.

கண்ணாடி இல்லாத வண்டிக்குள் காற்று அறைந்தது. சரவணன் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டினான். பள்ளம் வந்தால் நடைவேகத்துக்குக் குறைத்தான், தாண்டினதும் மிதித்தான். ராஜலக்ஷ்மி புருஷனின் நெற்றிக்கு மேல் கையைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பாதி தூரத்தில் தடுப்புக் கட்டை. இரண்டு போலீஸ்காரர்கள். தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்ததும் ஒருவர் கையை உயர்த்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்தார்.

ஜன்னலுக்கு வந்தார். "நேத்து யாரு ஓட்டினது?"

"நான்தான் சார்" என்றான் சரவணன்.

போலீஸ்காரரின் கை சாவியை நோக்கி நீண்டது.

"மொதலு ஆஸ்பத்ரெ!" பின்னாலிருந்து ராஜலக்ஷ்மி கத்தினாள். அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்தது என்று நோரா திடுக்கிட்டாள். முதலில் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் இவனை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், இப்போது சாவியைத் தொட்டால் என் புருஷன் போன பாவம் உங்களுக்குத்தான் என்று ஒரே மூச்சில் கன்னடத்தில் பொரிந்தாள்.

போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டுப் போட்ட தலையைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, சுற்றிவந்து இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். லத்தியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

"நடி" என்றார். ஓட்டு.

தடுப்புக் கட்டை நகர்ந்தது.

நோராவின் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்தது. மாமாவாகத்தான் இருக்கும். எடுக்க முடியவில்லை. ஒரு கையில் பாட்டில், மறு கையில் நஞ்சுண்டப்பாவின் மணிக்கட்டு. அது அடித்து அடித்து நின்றது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

ராஜலக்ஷ்மி சட்டென்று குனிந்து புருஷனின் மூக்கருகே காதை வைத்தாள். நிமிர்ந்து நோராவைப் பார்த்தாள்.

நோரா அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கில் மூச்சு வந்தது.

மறுபடி எண்ணினாள். இந்தத் தடவை ஆறு ஆயிற்று.